இனிஷியல் இல்லாத கோப்புகள்

ராஜபாளையத்தில் 'ராமசாமி ராஜா' என்று மட்டும் முகவரி எழுதிக் கடிதம் போட்டால் தபால்காரர் சிரிப்பார். அந்தப் பெயர் அந்த ஊரில் அவ்வளவு பழகிய பெயர். 1936-இல் ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கிய ராமசாமி ராஜாவை அதனால்தான் ஊர் பி.ஏ.சி. என்ற மூன்று எழுத்தோடு சேர்த்தே சொல்கிறது. 1949 முதல் 1952 வரை சென்னையின் முதலமைச்சராக இருந்தவர் பி.எஸ். குமாரசாமி ராஜா. அந்தப் 'பி'க்குள் பூசபாடி என்ற குடும்பப் பெயர் அடங்கியிருக்கிறது. எந்த வீடு, யார் மகன் என்ற முகவரியைப் பெயரோடு ஒட்டிவைப்பதற்கு நம்மவர்கள் கண்ட வழி இனிஷியல். ஆள் வீட்டை விட்டு எங்கே போனாலும் வீடு அவர் பெயரோடு கூடவே போகும்.

கணினிக் கோப்புகளுக்கு இந்த வழக்கம் இல்லை. கோப்பு தன் பெயரை மட்டும்தான் அறியும். எந்த ஃபோல்டருக்குள், அந்த ஃபோல்டர் எந்தப் பெரிய ஃபோல்டருக்குள் என்பதெல்லாம் வெளியே இருக்கிற செய்தி. ஃபோல்டருக்குள் ஃபோல்டராகப் புதைந்து கிடக்கும் கோப்புகளை எல்லாம் வெளியே எடுத்து ஒரே இடத்தில் போட வேண்டும் என்று நினைக்கும்போதுதான் இது உறைக்கிறது. ராஜபாளையத்துக் கல்யாண ஸ்டுடியோவிலும், சுமார் 12 கிலோமீட்டர் தள்ளி ஸ்ரீவில்லிபுத்தூர் நீதிமன்றத்தை ஒட்டிய வக்கீல் அலுவலகத்திலும், மில் கணக்கர் மேசையிலும் இந்த வேலை அடிக்கடி வரும். இந்தக் கூடுகள் எப்படி உண்டாயின, கலைப்பதற்கு என்ன வழிகள், ஒவ்வொன்றும் எங்கே கவிழ்க்கும், தமிழ்ப் பெயர்களுக்கு மட்டும் உள்ள சிக்கல் என்ன, எதைக் கலைக்கவே கூடாது என்பவற்றை ஒன்றாக வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரை.

கூடு வந்த கதை

ஃபோல்டருக்குள் ஃபோல்டர் என்ற அமைப்பு கணினியோடு பிறந்தது அல்ல. 1965-இல் மல்டிக்ஸ் என்ற இயங்குதளத்துக்காக டேலியும் நியூமனும் எழுதிய கட்டுரையில்தான் கிளைக்குள் கிளையாக விரியும் கோப்பு அமைப்பு முழு வடிவில் வந்தது. யூனிக்ஸ் அதை எடுத்துக்கொண்டது. வீட்டுக் கணினிக்கு அது தாமதமாகவே வந்து சேர்ந்தது. 1981-இல் வந்த எம்எஸ்-டாஸ் முதல் பதிப்பில் ஃபோல்டரே கிடையாது. ஃபிளாப்பியில் இருந்த எல்லாக் கோப்பும் ஒரே வரிசை. 1983-இல் ஐபிஎம் 10 மெகாபைட் ஹார்ட் டிஸ்க்கோடு பிசி எக்ஸ்டி என்ற கணினியை விற்கத் தொடங்கியபோது வரிசை தாங்கவில்லை. டாஸ் இரண்டாம் பதிப்பில் உள் ஃபோல்டர்கள் வந்தன. 1984-இல் வந்த மெக்கின்டாஷ் திரையில் ஃபோல்டர் படம் காட்டியது. ஆனால் வட்டில் எல்லாம் ஒரே தட்டில்தான் கிடந்தன. உண்மையான கூடு அதற்கு அடுத்த ஆண்டில்தான் வந்தது.

ஆக, இடம் பெருகியதால் வந்த ஏற்பாடு இது. இன்று கூடுகளில் பாதியை நாம் கட்டுவதே இல்லை. கருவிகள் கட்டித் தருகின்றன. ஜப்பான் மின்னணுத் தொழில் சங்கம் 1998-இல் வகுத்த விதிப்படி, டிஜிட்டல் கேமரா எதுவாக இருந்தாலும் மெமரி கார்டில் டிசிஐஎம் என்ற ஃபோல்டரைத் திறந்து, அதற்குள் 100 முதல் 999 வரையான எண்ணில் தொடங்கும் ஃபோல்டர்களைப் போட்டு, அவற்றுக்குள் நான்கு எழுத்தும் 0001 முதல் 9999 வரையான எண்ணும் சேர்ந்த பெயரில் படங்களை வைக்கும். ஜிப் கோப்பை விரித்தால், ஜிப்பின் பெயரில் ஒரு ஃபோல்டரும் அதற்குள் அதே பெயரில் இன்னொரு ஃபோல்டரும் வருவதைப் பலரும் பார்த்திருப்பார்கள். மீதிப் பாதி நம் கைவண்ணம். 'பேக்கப்', அதற்குள் 'பழைய பேக்கப்', அதற்குள் 'டெஸ்க்டாப்பில் இருந்தது', அதற்குள் 'புதிய ஃபோல்டர் (3)'. கம்ப்யூட்டர் மாற்றும்போதெல்லாம் பழையதை அப்படியே தூக்கிப் புதியதற்குள் வைப்பதால் வருவது இது.

இடம் மாறுவது எது?

கலைக்கும் முன் ஒன்றைத் தெரிந்துகொள்வது நல்லது. ஒரே ஹார்ட் டிஸ்க்கின் ஒரே பகுதிக்குள் கோப்பை இடம் மாற்றும்போது கோப்பு அசைவதே இல்லை. பத்திரப் பதிவில் சொத்து கைமாறுவதுபோலத்தான். நிலம் இருந்த இடத்தில் இருக்கும். ஏட்டில் பெயர் மட்டும் மாறும். அதனால்தான் பத்து ஜிபி வீடியோவும் நொடியில் 'போய்' விடுகிறது. பென் டிரைவிலிருந்து கணினிக்கு, அல்லது சி-யிலிருந்து டி-க்கு என்றால் கதை வேறு. அங்கே முதலில் நகல் எடுத்து, பிறகு மூலத்தை அழிப்பதைத்தான் 'நகர்த்தல்' என்கிறோம். நடுவில் மின்சாரம் போனாலோ, அவசரத்தில் பென் டிரைவைப் பிடுங்கினாலோ பாதி அங்கேயும் பாதி இங்கேயும் நிற்கும்.

விண்டோஸில் சுட்டியால் இழுத்துப் போடும்போது ஒரே டிரைவுக்குள் என்றால் நகரும், வேறு டிரைவுக்கு என்றால் நகல் ஆகும். ஒரே கை அசைவுக்கு இரண்டு விளைவு என்பது தெரியாமல், 'நகல்தானே எடுத்தேன்' என்று மூலத்தை இழந்தவர்களும், 'நகர்த்திவிட்டேன்' என்று நம்பி ஒரே படத்தை நான்கு இடத்தில் வைத்திருப்பவர்களும் உண்டு. கூட்டைக் கலைக்கும் வேலையை ஒரே டிரைவுக்குள் வைத்துக்கொள்வது வேகத்துக்கும் பாதுகாப்புக்கும் நல்லது. பென் டிரைவில் இருப்பதை முதலில் முழுதாக நகலெடுத்துக் கணினிக்குள் கொண்டுவந்துவிட்டு, அங்கே கலைக்கலாம்.

வழிகளும் அவற்றின் குணமும்

எளிய வழி விண்டோஸ் எக்ஸ்புளோரரில் இருக்கிறது. மேல் ஃபோல்டரைத் திறந்து, தேடல் பெட்டியில் நட்சத்திரக் குறியை இட்டால் உள்ளே புதைந்துள்ள எல்லாம் ஒரே பட்டியலாக வரும். படங்கள் மட்டும் வேண்டுமானால் நட்சத்திரம், புள்ளி, ஜேபிஜி என்று தரலாம். எல்லாவற்றையும் தேர்ந்து, வெட்டி, மேல் ஃபோல்டரில் ஒட்டினால் முடிந்தது. வெறும் நட்சத்திரம் இட்டால் பட்டியலில் ஃபோல்டர்களும் வந்து நிற்கும். வகைப்படி வரிசைப்படுத்தி அவற்றை ஒதுக்கிவிட்டுத் தேர்வு செய்ய வேண்டும். கட்டளை எழுதத் தெரியாதவர்களுக்கு இது போதும்.

டோட்டல் கமாண்டர் போன்ற கோப்பு மேலாளர்களில் கன்ட்ரோல்-பி அழுத்தினால் உள்கிளைகள் எல்லாம் மறைந்து கோப்புகள் மட்டும் ஒரே தட்டில் தெரியும். எதையும் நகர்த்தாமலே தட்டையாகப் பார்க்கலாம் என்பது இதன் பெரிய நன்மை. பலருக்குத் தேவை அவ்வளவுதான்.

ஆயிரக்கணக்கில் கோப்பு இருந்தால் கட்டளை வழிதான் சரி. விண்டோஸில் பவர்ஷெல், லினக்ஸிலும் மேக்கிலும் ஃபைண்ட், எம்வி என்ற இரண்டு கட்டளைகளின் சேர்க்கை. விண்டோஸின் ரோபோகாப்பி கட்டளை இதற்கு உதவும் என்று நினைப்பவர்கள் உண்டு. அது கூட்டை அப்படியே இன்னொரு இடத்தில் கட்டித் தருவதில் கெட்டிக்காரக் கருவி; கலைக்க உதவாது.

இந்த வழிகளில் எது சிறந்தது என்பது, ஒரே பெயரில் இரண்டு கோப்பு வந்து மோதும்போது அது என்ன செய்கிறது என்பதைப் பொறுத்தது. எக்ஸ்புளோரர் நின்று கேட்கும்: மாற்றவா, விட்டுவிடவா, இரண்டையும் ஒப்பிட்டு முடிவு செய்கிறீர்களா? பவர்ஷெல், வலிந்து செய் என்று சொல்லாதவரை, பிழை காட்டிவிட்டு இரண்டாவது கோப்பை இருந்த இடத்திலேயே விட்டுவிடும். விண்டோஸின் பழைய மூவ் கட்டளைக்கு இரண்டு முகம். நேராகத் தட்டச்சு செய்தால் கேட்கும். பேட்ச் கோப்புக்குள் எழுதி ஓட்டினால் கேட்காமலே மேலெழுதும். லினக்ஸின் எம்வியும் பொதுவாகக் கேட்பதில்லை. 'என்' என்ற குறியைச் சேர்த்தால் மேலெழுதாமல் விடும். எண்ணிட்ட காப்புநகல் எடுக்கச் சொல்லும் குறியும் லினக்ஸில் உண்டு. குறி எதுவும் இல்லாமல் ஓட்டினால் பழைய கோப்பு ஓசையின்றிப் போய்விடும். அது குப்பைத் தொட்டியிலும் இருக்காது.

ஒரு கல்யாணக் கணக்கு

நிச்சயதார்த்தம், முகூர்த்தம், ரிசப்ஷன் என்று மூன்று நிகழ்ச்சி. ஒரே கம்பெனியின் இரண்டு கேமரா என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் ஆறு ஃபோல்டர். ஒவ்வொரு முறையும் கார்டை ஃபார்மட் செய்து, எண் வரிசை முதலிலிருந்து தொடங்குமாறு கேமராவை அமைத்திருந்தால், ஐஎம்ஜி 0001 என்ற பெயரில் ஆறு படம் இருக்கும். ஆல்பம் டிசைனருக்குக் கொடுக்க ஆறு ஃபோல்டரையும் ஒன்றாக்கும்போது, எக்ஸ்புளோரர் கேட்கும் கேள்விக்கு 'எல்லாவற்றையும் மாற்று' என்று ஒருமுறை தட்டினால் ஆறு படம் ஒன்றாகும். தாலி கட்டிய படத்தின் மேல் ரிசப்ஷனில் மாலை மாற்றிய படம் உட்கார்ந்துவிடும். 'விட்டுவிடு' என்று தட்டினால் முதல் படம் பிழைக்கும். மற்ற ஐந்தும் உள் ஃபோல்டர்களிலேயே தங்கிவிடும். அடுத்த நிமிடம் 'எல்லாம் எடுத்தாயிற்றே, காலி ஃபோல்டர் எதற்கு' என்று அவற்றை அழித்தால் ஐந்தும் போகும். படங்கள் தொலைவதற்கு இந்த இரண்டாவது பாதை முதலாவதைவிட ஆபத்தானது. மேலெழுதும்போதாவது ஒரு கேள்வி வருகிறது; அழிக்கும்போது, காலி என்று நம்பியே அழிக்கிறோம்.

இதற்கு மாற்று, இனிஷியல்தான். நகர்த்தும் முன்பே 'முகூர்த்தம்-கேமரா2-0001' என்று ஃபோல்டரின் பெயரைக் கோப்பின் பெயருக்கு முன்னால் ஒட்டிவிட்டால் மோதலே வராது. விண்டோஸுக்கான பவர்டாய்ஸில் உள்ள பவர்ரீநேம் போன்ற மொத்தப் பெயர்மாற்றுக் கருவிகள் ஒரு ஃபோல்டரை நொடிகளில் முடிக்கும். படத்துக்குள்ளேயே பதிந்திருக்கும் நாளையும் நேரத்தையும் எடுத்துப் பெயராக்குவது இன்னொரு வழி. ஃபில் ஹார்வியின் எக்ஸிஃப்டூல் 2003 முதல் இந்த வேலைக்குப் பெயர் பெற்றது. நேரத்தைப் பெயராக்கினால் இரண்டு கேமராவின் படங்களும் நடந்த வரிசையிலேயே கலந்து நிற்கும் என்பது கூடுதல் லாபம். ஆனால் இரண்டு கேமராவின் கடிகாரமும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரே நொடியில் ஐந்து படம் எடுக்கும் இடங்களில் நொடியோடு ஓர் எண்ணும் சேர வேண்டும்.

வாட்ஸ்அப் இந்தப் பாடத்தைப் பாதி கற்றிருக்கிறது. ஆண்ட்ராய்டு ஃபோனில் அது சேமிக்கும் படத்தின் பெயரிலேயே ஆண்டு, மாதம், நாள், அன்றைய வரிசை எண் எல்லாம் இருக்கும். எந்த ஃபோனில் வந்தது என்பது மட்டும் இருக்காது. அப்பா ஃபோனையும் மகள் ஃபோனையும் ஒரே ஃபோல்டரில் கொட்டினால் அங்கேயும் மோதல்தான். அதோடு, வாட்ஸ்அப் வழியாக வரும் படங்களில் எடுத்த நேரம் பற்றிய உள்பதிவு நீங்கிவிடுவதால் எக்ஸிஃப்டூலுக்கும் அங்கே பிடி கிடைக்காது.

ஸ்ரீவில்லிபுத்தூர் என்ற இரண்டு ஊர்

தமிழில் பெயர் வைப்பவர்களுக்கு இன்னும் மூன்று சிக்கல் உண்டு. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட கையேடுகள் இவற்றைத் தொடுவதில்லை.

முதலாவது நீளம். 'ஸ்ரீவில்லிபுத்தூர்' நம் கண்ணுக்கு எட்டு ஒன்பது எழுத்து. யூனிகோடில் புள்ளியும் கொம்பும் தனித்தனி எண், கூட்டினால் 18. லினக்ஸ் போன்ற அமைப்புகளில் பயன்படும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட் என்பதால் 54 பைட். அங்கே ஒரு பெயருக்கு உச்சவரம்பு 255 பைட்; அதாவது தமிழுக்கு 85 குறிகள்தான். விண்டோஸில் ஒரு பெயருக்கு 255 குறி வரை இடம் உண்டு. ஆனால் டிரைவில் தொடங்கிக் கோப்புப் பெயர் வரையான முழுப் பாதைக்கும் 260 என்ற பழைய எல்லை இருக்கிறது. 2016-இல் விண்டோஸ் 10 இந்த எல்லையைத் தளர்த்த வழி செய்தாலும், அமைப்பை மாற்றினால்தான் பலன்; எல்லா மென்பொருளும் அதை மதிப்பதும் இல்லை. 'பெயர் மிக நீளம்' என்று அடம்பிடிக்கும் ஆழத்துக் கோப்புகளை எடுக்க ஓர் எளிய தந்திரம் உண்டு. மேலே உள்ள ஃபோல்டர்களின் பெயர்களை ஓரெழுத்தாகச் சுருக்கிவிட்டால் பாதை குறுகி, கோப்பு அசைந்துகொடுக்கும்.

இரண்டாவது, ஸ்ரீவில்லிபுத்தூர் என்ற பெயரிலேயே இருக்கும் வம்பு. ஸ், ரீ இரண்டையும் தட்டினால் வரும் வடிவம் ஒன்று. 2005-இல் யூனிகோடு 4.1 பதிப்பில் ஶ என்ற எழுத்து சேர்ந்தபின், ஶ், ரீ இரண்டையும் தட்டினால் வரும் வடிவம் இன்னொன்று. பெரும்பாலான எழுத்துருக்களில் இரண்டும் திரையில் ஒன்றுபோலவே தெரியும். கணினிக்கு அவை வேறு வேறு பெயர். ஒரே ஃபோல்டருக்குள் 'ஸ்ரீவில்லிபுத்தூர்' என்று இரண்டு ஃபோல்டர் அருகருகே இருக்கலாம். ஒன்றைத் தேடினால் மற்றது வராது. ஊர்ப் பெயரைத் தேடி, வந்ததை எல்லாம் நகர்த்திவிட்டு, மிச்சத்தை அழிப்பவர் பாதியை இழப்பார். ராஜபாளையம், இராஜபாளையம், இராசபாளையம் என்ற மூன்று எழுத்துமுறையும் வரிசைப்படுத்தும்போது சிதறும். ஆனால் அந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரியும். ஸ்ரீயின் வேறுபாடு தெரியாது.

மூன்றாவது ஒகர ஓகாரக் கொம்பு. 'கோவில்' என்பதில் 'கோ'வைக் ககரமும் ஓகாரக் குறியுமாகவும் சேமிக்கலாம். ககரம், இரட்டைக் கொம்பு, கால் என்று பிரித்தும் சேமிக்கலாம். இரண்டும் சமம் என்கிறது யூனிகோடு. விண்டோஸும் லினக்ஸும் அவற்றை வெவ்வேறாக வைத்துக்கொள்ளும். மேக் ஒன்றாகப் பார்க்கும். விண்டோஸில் சண்டையில்லாமல் வாழ்ந்த இரண்டு கோப்புகள் மேக்குக்குப் போனதும் மோதுவது இதனால்தான்.

இதற்காகத் தமிழில் பெயர் வைப்பதை விட வேண்டியதில்லை. எண்ணும் நாளும் பெயரின் முன்னால், தமிழ்ச் சொல் அதற்குப் பின்னால் என்று வைத்தாலே பெரும்பாலான சிக்கல் தீரும்.

கலைக்கக் கூடாத கூடுகள்

சில கூடுகள் மென்பொருளின் வீடு. அவற்றைப் பிரித்தால் உள்ளே இருப்பது செத்துப்போகும். வீடியோ கேமரா கார்டில், கிளிப் ஒரு ஃபோல்டரிலும் அதைப் பற்றிய குறிப்புகள் வேறு ஃபோல்டரிலுமாக இருக்கும். நீளமான காட்சியைக் கேமரா பல துண்டாக எழுதியிருந்தால் அவற்றை ஒட்டவைக்கும் செய்தி அந்தக் குறிப்புகளில்தான். வீடியோவை மட்டும் உருவி எடுத்தால் துண்டுகள் துண்டுகளாகவே நிற்கும். கார்டை அப்படியே முழுதாக நகலெடுத்து வைப்பதே முறை.

மில்லிலும் கடையிலும் ஓடும் டேலி கணக்கு மென்பொருளில் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் எண்ணையே பெயராகக் கொண்ட தனி ஃபோல்டர். உள்ளே எல்லா நிறுவனத்துக்கும் ஒரே பெயர்களில் கோப்புகள். கலைத்தால் ஒரு நிறுவனத்தின் கணக்கு இன்னொன்றின் மேல் ஏறும். சிவகாசி அச்சகத்துக்குப் போகும் பக்க வடிவமைப்பு, ஆல்பம் டிசைன் ஆகியவற்றின் கோப்புகளும் படங்களை அவற்றின் பாதை வழியாகவே நினைவில் வைத்திருக்கும். படங்களை நகர்த்தினால் பக்கம் திறக்கும். ஆனால் படத்தோடு இருந்த இணைப்பு அறுந்துபோகும். நாமே கட்டிய கூடுகளைக் கலைக்கலாம். மென்பொருள் கட்டியதைத் தொடக் கூடாது.

தட்டையா, கூடா?

தேடல் இவ்வளவு வலுத்த காலத்தில் ஃபோல்டர் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. ஆய்வுகள் அவர்களுக்கு முழுதாகக் கைகொடுக்கவில்லை. தேடல் கருவிகள் மேம்பட்டும், மக்கள் தம் கோப்புகளை எடுக்க ஃபோல்டர் வழியே நடந்து போவதைத்தான் விரும்புகிறார்கள் என்று ஓஃபர் பெர்க்மன் குழுவினர் 2008-இல் காட்டினார்கள். 2010-இல் வந்த அவர்களுடைய இன்னோர் ஆய்வில் 296 பேரிடம் 1,131 கோப்புகளை எடுத்துக் காட்டச் சொன்னார்கள். 94 விழுக்காடு கிடைத்தன, சராசரியாக 14.76 விநாடி ஆனது. கோப்புகள் இருந்த சராசரி ஆழம் 2.86 ஃபோல்டர், ஒரு ஃபோல்டரில் இருந்தவை சராசரியாக 11.82 கோப்பு. கூடு வேண்டும், ஆனால் மூன்று அடுக்குக்குள் இருந்தால் கைக்கு எட்டும் என்று இதைப் படிக்கலாம். ஏழு அடுக்கைக் கலைப்பது நியாயம். எல்லாவற்றையும் ஒரே தட்டில் கொட்டினால் சுமை இடம் மாறுமே தவிரக் குறையாது.

தமிழர் கட்டிய மின் நூலகங்கள் இதற்கு நல்ல விடை தந்திருக்கின்றன. 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம் ஒவ்வொரு நூலுக்கும் ஒரு வரிசை எண் கொடுத்து அதையே கோப்புப் பெயராக்கியது. ஈழத்து நூல்களைச் சேர்க்கும் நூலகம் திட்டம் கோப்புகளைக் கூட்டில்தான் வைக்கிறது. நூறு நூறாகப் பிரித்த ஃபோல்டர், அதற்குள் நூலின் எண்ணில் ஒரு ஃபோல்டர், அதற்குள் அதே எண்ணில் கோப்பு. கூட்டைக் கலைத்தாலும் எந்தக் கோப்பும் அடையாளம் இழக்காது. கோப்பின் பெயரைப் பார்த்தே கூட்டைத் திரும்பக் கட்டலாம்.

அரசு அலுவலகக் காகிதக் கட்டுக்கு இது எப்போதோ தெரியும். ந.க.எண் என்று தொடங்கி, ஓர் எண், பிரிவைக் குறிக்கும் எழுத்து, ஆண்டு என்று முடியும் அந்த வரி, கோப்பு எந்த மேசையில் கிடந்தாலும் அது பிறந்த மேசையைச் சொல்லிவிடும். விருதுநகர் மாவட்டத்துக்குத் தலைநகர் விருதுநகர். ஆனால் மாவட்ட நீதிமன்றம் இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூரில். அங்கே பதிவாகும் வழக்குக்கும் நாட்டின் எந்த மாவட்ட நீதிமன்ற வழக்குக்கும் மின்நீதிமன்றத் திட்டம் 16 எழுத்தும் எண்ணும் கொண்ட அடையாளம் தருகிறது. மாநிலம், மாவட்டம், நீதிமன்றம், வரிசை, ஆண்டு எல்லாம் அதற்குள் அடக்கம். வக்கீல் அலுவலகத்தில் ஸ்கேன் செய்த வக்காலத்தும் வாக்குமூலமும் 'ஸ்கேன்0001' என்ற பெயரோடு வழக்குவாரியான ஃபோல்டரில் கிடப்பதைவிட, இந்த எண்ணைப் பெயரின் தலையில் தாங்கினால் ஃபோல்டர் கலைந்தாலும் வழக்கு கலையாது.

முடிவாக

கலைக்க உட்காரும்போது வரிசை இதுதான். முதலில் முழுதும் ஒரு நகல், வேறு வட்டில். பிறகு மேல் ஃபோல்டரின் விவரத்தில் மொத்தக் கோப்பு எத்தனை என்று பார்த்துத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். மென்பொருள் கட்டிய கூடுகளை ஒதுக்குங்கள். ஃபோல்டரின் பெயரைக் கோப்பின் பெயருக்கு முன்னால் சேருங்கள். அதன்பின் நகர்த்துங்கள், மேலெழுத அனுமதிக்க வேண்டாம். திரும்ப எண்ணுங்கள். எண்ணிக்கை ஒத்துப்போனால், காலி ஃபோல்டரை மட்டும் நீக்கும் கட்டளையை ஓட்டுங்கள். உள்ளே ஏதாவது மிச்சம் இருந்தால் அது நீக்க மறுக்கும். அந்த மறுப்புதான் உங்களுக்குக் கிடைக்கும் கடைசி எச்சரிக்கை.

இந்த ஏழு படியில் நகர்த்தல் ஒன்றே ஒன்றுதான். அதை எந்தக் கருவியும் செய்துவிடும். மற்ற ஆறும் நம் பொறுப்பு. கோப்பை வீட்டை விட்டு வெளியே அனுப்பும் முன் அதற்கு ஓர் இனிஷியல் வைத்து அனுப்புங்கள்.